செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. பாதி வரலாறு, பாதி கிரீஸ். ஆபீஸ்ல ஆணி அதிகமா இருந்தா அப்புறமா வந்து படிங்க :-)

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன் மக்களே. ஊருன்னா கோவில்பட்டி. காலைல பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோ பிடிச்சு வீட்டு வாசல்ல வந்து நிக்கிறேன், அப்பா ஒரு ஆளோட விலை பேசிக்கிட்டு இருக்கார். காயலான் கடைக்காரர். பேசுறது எங்க காரைப் பத்தி.

எங்க கார் 2004 மாடல் டீசல். கம்பெனி பேரெல்லாம் வேணாம், இந்தக் கதையில கம்பெனி மேல குத்தம் ஒண்ணும் இல்ல. 2009-ல அப்பா செகண்ட் ஹேண்டா வாங்கினது. 2015-ல அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்குக்கு என்னை அதுலதான் சென்னைக்குக் கூட்டிட்டுப் போனார். ராத்திரி முழுக்க அவர்தான் ஓட்டினார். நான் பின் சீட்ல குறட்டை. 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி. புதுப்பிச்சு, இன்னும் ஓடிக்கிட்டு இருந்த வண்டி.

ஓடிக்கிட்டு "இருந்த". ஒரு வாரமா செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல. மெக்கானிக் வந்து பார்த்துட்டு, "பம்ப் அவுட்டு அண்ணாச்சி. இருவத்தஞ்சாயிரம் ஆகும். வண்டிக்கு அவ்ளோ செலவு தேவையான்னு பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். காயலான் கடைக்காரர் சொன்ன விலையும் கிட்டத்தட்ட அதே தொகைதான். அப்பா ஒண்ணும் சொல்லல. வண்டியையே பார்த்துக்கிட்டு நின்னார்.

"ஒரு நாள் குடுங்கப்பா, நான் பார்க்கிறேன்"ன்னேன்.

"நீ பொட்டி தட்டுறவன்லா? உனக்கு என்னலே தெரியும்?"

நியாயமான கேள்வி. நான் படிச்சது எஞ்சினியரிங், செய்யுறது சாஃப்ட்வேர். கையில இருந்தது ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு மல்ட்டிமீட்டர், கூடவே காலேஜ்ல அரைகுறையா கேட்ட டீசல் எஞ்சின் கதை. அந்தக் கதைதான் கடைசியில உதவுச்சு. அதனாலதான் இந்தப் பதிவு.

தீப்பொறி இல்லாத எஞ்சின்

பெட்ரோல் வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா முதல்ல ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பார்ப்போம். டீசல்ல அது கிடையாது. வெறும் காத்தை மட்டும் உள்ள இழுத்து, இருபதுல ஒரு பங்கா நசுக்குறாங்க. சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்போட அடிப்பக்கம் சுடுமே, அதே சமாச்சாரம்தான். இங்க பல நூறு டிகிரி வரைக்கும் போகுது. அந்தச் சூட்டுல டீசலைப் பீய்ச்சினா தானா பத்திக்கும்.

ஆக வேண்டியது மூணு: நல்லா நசுங்கின காத்து, போதுமான சூடு, சரியான நேரத்துல சரியான அளவு டீசல். இந்த மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் எஞ்சின் சுத்தும், ஆனா பத்தாது.

நான் கவனிச்ச விஷயம் என்னன்னா, இந்த மூணையும் மனுஷன் ஒரே நாள்ல கத்துக்கல. ஒவ்வொண்ணா, பல வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டுத்தான் கத்துக்கிட்டான். அந்த வரிசையிலேயே போனா பழைய டீசல் வண்டியில எதை எப்படிச் சோதிக்கணும்னு புரிஞ்சுடும்.

முதல் பாடம்: காத்து

ரூடால்ஃப் டீசல் 1858-ல பாரீஸ்ல பிறந்தவர். அப்பா அம்மா ரெண்டு பேரும் ஜெர்மன்காரங்க. மியூனிக்ல படிக்கும்போது அவருக்கு வாத்தியார் கார்ல் வான் லிண்டே, குளிர்பதன இயந்திரத்துல பெரிய பேர். நீராவி எஞ்சின் நிலக்கரியோட சக்தியில பத்துல ஒரு பங்கைக்கூட ஒழுங்கா வேலையா மாத்தறதில்லைன்னு லிண்டே வகுப்புல சொன்னது நம்மாளு மனசுல தங்கிடுச்சு. 1892-ல பேட்டண்ட்டுக்கு விண்ணப்பம், 1893-ல கிடைச்சாச்சு. ஆக்ஸ்பர்க் நகரத்து எந்திரத் தொழிற்சாலை (பின்னாளைய எம்.ஏ.என்.) எஞ்சினைச் செஞ்சு பார்க்க ஒத்துக்கிச்சு.

1893 ஆகஸ்ட் 10. முதல் சோதனை. எஞ்சினால தானா ஓட முடியாதுங்கறதால, தொழிற்சாலையில மத்த மெஷினையெல்லாம் ஓட்டற தண்டுல பெல்ட் மாட்டி வெளியிலேர்ந்து சுத்தினாங்க. நம்ம பாஷையில சொன்னா, செல்ஃப் அடிச்சாங்க. எரிபொருள் உள்ள போனதும் அழுத்தம் அளக்கிற கருவி வெடிச்சுச் சிதறுச்சு. பத்திக்கும்னு நிரூபணம் ஆயிடுச்சு, ஆனா எஞ்சின் ஓடல.

ஏன்? கணக்குப் போட்ட அழுத்தமே வரல. பிஸ்டன் ஓரமாவும் வால்வு வழியாவும் காத்து கசிஞ்சது. காகிதத்துல இருந்த சூத்திரம் சரி, உலோகத்துல இருந்த சந்து தப்பு. மாசக்கணக்கா அவர் பண்ணினது பெரும்பாலும் இந்தக் கசிவோட சண்டைதான்.

யோசிச்சுப் பாருங்க. உலகத்தோட முதல் டீசல் எஞ்சினுக்கு இருந்த கம்ப்ளெயிண்ட்டும் எங்க வண்டிக்கு இருந்த கம்ப்ளெயிண்ட்டும் ஒண்ணுதான். சுத்துது, ஸ்டார்ட் ஆகல!

1894 பிப்ரவரி 17. மறுபடியும் பெல்ட் மாட்டிச் சுத்திக்கிட்டு இருக்காங்க. அன்னிக்கு வேலையில இருந்த மெக்கானிக் பேரு லிண்டர். அவர்தான் முதல்ல கவனிச்சார்: பெல்ட்டோட இழுவை மாறுது. அதுவரைக்கும் தொழிற்சாலை எஞ்சினை இழுத்துக்கிட்டு இருந்தது, இப்ப எஞ்சின் தொழிற்சாலைத் தண்டை இழுக்குது. லிண்டர் ஒரு வார்த்தை பேசல. தொப்பியைக் கழட்டி டீசலுக்கு வணக்கம் வெச்சார். எஞ்சின் தானா ஓடினது ஏறக்குறைய ஒரு நிமிஷம்தான்.

சரியா மூணு வருஷம் கழிச்சு, 1897 பிப்ரவரி 17, பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதிகாரபூர்வமா அளந்தார்: 26.2 சதவீதத் திறன். நீராவி எஞ்சின் கிட்டயே வர முடியாத எண். அந்த மூணு வருஷத்துல மனுஷன் எவ்வளவு நொந்து போயிருப்பார்னு, ஒரே பக்கை மூணு வாரம் தேடின எனக்கே கொஞ்சம் புரியுது.

சரி, எங்க வாசலுக்கு வருவோம். முதல் சோதனை, எஞ்சின் வேகமா சுத்துதா? பேட்டரி சோர்ந்து போய் மெதுவா சுத்தினா, நசுங்குற காத்துக்கு உள்ளேயே நேரம் கிடைச்சுடும். சூடு சுவர்ல போயிடும், காத்து ரிங் வழியா போயிடும். நிமிஷத்துக்கு 150, 200 சுத்தாவது வேணும். மீட்டரை பேட்டரியில வெச்சுட்டு அப்பாவை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 10 வோல்ட்டுக்குக் கீழ இறங்கல. சத்தமும் சீரா, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு முக்கலோட "ரும்-ரும்-ரும்"னு இருந்தது. கம்ப்ரெஷன் செத்த எஞ்சின் முக்காது, மிக்ஸி மாதிரி வழுவழுன்னு சுத்தும். (டைமிங் பெல்ட் அறுந்தாலும் அப்படித்தான் சுத்தும். அந்தச் சத்தம் கேட்டா உடனே நிறுத்திடுங்க, திரும்பத் திரும்ப அடிச்சா வால்வு வளையும்.)

காத்து பாஸ்.

ரெண்டாவது பாடம்: சூடு

டீசலுக்கு முன்னாடியே, 1890-ல, இங்கிலாந்துல ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட்னு ஒருத்தர் எண்ணெய் எஞ்சினுக்கு பேட்டண்ட் வாங்கியிருந்தார். அதுல அழுத்தம் கம்மி. பதிலுக்கு எஞ்சின் தலையில ஒரு இரும்புக் குமிழ் இருக்கும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்தக் குமிழை புளோ லாம்ப் வெச்சு நல்லா சுட வைக்கணும். ஒருவிதத்துல அதுதான் இன்னிக்கு நாம "ஹீட்டர்"னு சொல்ற சமாச்சாரத்தோட பெரியப்பா.

டீசல் எஞ்சினைச் சின்னதாக்கி வண்டிக்குள்ள வைக்கணும்னு வந்தப்போ இந்தச் சூட்டுப் பிரச்சினை திரும்பவும் வந்தது. 1909-ல மான்ஹைம் நகரத்து பென்ஸ் கம்பெனியில ப்ராஸ்பர் லோராஞ்ச் ஒரு யோசனைக்கு பேட்டண்ட் எடுத்தார்: சிலிண்டருக்குப் பக்கத்துல ஒரு குட்டி அறை. எரியறது முதல்ல அந்த அறையில ஆரம்பிச்சு, அங்கேருந்து சிலிண்டருக்குள்ள பாயும். எஞ்சின் அலறாம ஓடும், டீசலை ரொம்ப அழுத்தமாப் பீய்ச்சவும் வேண்டாம். ஆனா ஒரு தொல்லை. குட்டி அறைன்னா சுவர்ப்பரப்பு அதிகம், எஞ்சின் ஆறிப்போயிருக்கும்போது சூட்டையெல்லாம் சுவரே குடிச்சுடும். அதனால அந்த அறைக்குள்ள கரண்ட்ல பழுக்குற ஒரு கம்பியை வெச்சாங்க. அதுதான் குளோ பிளக். நம்ம ஊர்ல ஹீட்டர் பிளக்.

பழைய டீசல் கார்கள்ல நாலு ஹீட்டர் பிளக்கையும் சீரியல் செட் மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோத்திருப்பாங்க. ஒண்ணு போனா நாலும் போச்சு. பழுத்து வர்றதுக்கு ஒரு நிமிஷம் வரைக்கும் ஆகும். சாவியைத் திருப்பிட்டுக் காத்திருக்கிற அந்த நேரத்துக்கு ஜெர்மன்காரங்க வெச்ச கிண்டல் பேரு "ரூடால்ஃப் டீசல் நினைவு நிமிடம்". நம்மாளுங்களுக்கு மட்டும்தான் நக்கல் வரும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் :-))

பிற்காலத்துல தனித்தனியா கரண்ட் போற பென்சில் மாதிரி பிளக் வந்து, காத்திருப்பு சில விநாடியா குறைஞ்சது. எங்க வண்டியில இந்த வகைதான். ஹீட்டரைப் போட்டுட்டு டெஸ்ட் லாம்ப் வெச்சேன், கரண்ட் வருது. வயரைக் கழட்டி ஒவ்வொரு பிளக்கையும் மீட்டர்ல பார்த்தேன். மூணு சரி, ஒண்ணு காலி. நாலுல ஒண்ணு போனதுக்கு, கோவில்பட்டி வெயில்ல, வண்டி ஸ்டார்ட் ஆகாம இருக்காது. குலுங்கி, கொஞ்சம் புகை விட்டு எழுந்துடும். குத்தவாளி இது இல்ல.

இந்தக் கட்டத்துல பக்கத்து வீட்டு மாமா வந்து, "தம்பி, துணியில பெட்ரோலை நனைச்சு ஏர் ஃபில்டர்கிட்ட வை, பிடிச்சுக்கும்"னார். ஊர்ல எல்லாரும் சொல்ற வைத்தியம். எனக்கு 1893-ல வெடிச்ச கருவிதான் ஞாபகம் வந்தது. அன்னிக்கு அவங்க உள்ள விட்ட எரிபொருளும் பெட்ரோல்தான்! பழுத்த ஹீட்டர் பிளக் இருக்கிற எஞ்சின்ல பெட்ரோல் ஆவியோ ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயோ போனா, நேரம் கெட்ட நேரத்துல வெடிச்சு பிஸ்டனை உடைக்கும். தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

மூணாவது பாடம்: டீசல்

இந்தப் பாடத்தை ரூடால்ஃப் டீசல் கடைசி வரைக்கும் முழுசா முடிக்கல.

எண்ணெயை நேரா பம்ப் வெச்சுப் பீய்ச்சத்தான் அவர் முதல்ல பார்த்தார், சரிப்படல. அப்புறம், அழுத்தின காத்தோட சேர்த்து எண்ணெயை ஊதி அனுப்புற முறைக்குப் போனார். நல்லா வேலை செஞ்சது. ஆனா அதுக்குத் தனியா ஒரு கம்ப்ரெஸர் வேணும். அதைத் தூக்கிக்கிட்டு கார் எங்க ஓடறது? மின் நிலையம், தொழிற்சாலை, கப்பல்னு பெரிய இடத்துல மட்டும்தான் டீசல் எஞ்சின் குடியேறுச்சு. 1912-ல டென்மார்க்ல கட்டின செலாண்டியா கப்பல் டீசல்லயே கடல் கடந்து போச்சு. சாலைக்கு மட்டும் வரவே இல்ல.

1913 செப்டம்பர் 29 ராத்திரி, ஆண்ட்வெர்ப்லேர்ந்து இங்கிலாந்து போற டிரெஸ்டன் கப்பல்ல ஏறின ரூடால்ஃப் டீசல், காலைல கேபின்ல இல்ல. சில நாள் கழிச்சுக் கடல்ல உடல் கிடைச்சது. கடன் கழுத்தை நெரிச்சுக்கிட்டு இருந்த நேரம். தற்கொலைன்னு நிறைய பேர் எழுதினாங்க, கொலைன்னும் எழுதினாங்க. இன்னிக்கு வரைக்கும் முடிவா நிரூபிக்கப்படல. அவர் பேர் போட்ட எரிபொருள்ல ஒரு லாரி ஓடினதைக்கூட அவர் பார்க்கல.

மிச்சத்தை முடிச்சது பம்ப். 1922-ல ராபர்ட் போஷ் டீசல் பம்ப் செய்யறதுன்னு முடிவெடுத்தார், 1927-ல வரிசை உற்பத்தி ஆரம்பம். சொல்லும்போது சின்ன விஷயம். ஆனா ஒரு சொட்டுல சிறு பங்கு டீசலை, நூறு பாருக்கும் மேலான அழுத்தத்துல, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை, ஒரே அளவுல அனுப்பணும். அந்தப் பிளஞ்சருக்கும் குழாய்க்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ரெண்டு மூணு பங்குதான். இதை ஆயிரக்கணக்குல செய்ய முடிஞ்ச பிறகுதான் கார் சாத்தியமாச்சு. 1936 பெர்லின் கண்காட்சியில மெர்சிடிஸ்-பென்ஸ் 260 டி வந்தது. 2.6 லிட்டர், 45 குதிரைத்திறன். நிறைய வண்டி டாக்ஸியாத்தான் ஓடுச்சு. டீசல் காரும் டாக்ஸியும் அப்பவே ஜோடி சேர்ந்தாச்சு!

நம்ம பக்கம் 1951-ல ஆரம்பிச்ச மைகோ, போஷ் தொழில்நுட்பத்துல பெங்களூர் ஆடுகோடியில பம்பும் நாஸிலும் செஞ்சது. "மைகோ பம்ப்"னு சொல்லாத லாரி மெக்கானிக் அந்தக் காலத்துல இருந்திருக்க மாட்டார். 2008-ல அந்தக் கம்பெனி பேரே போஷ்னு ஆயிடுச்சு.

1970களின் நடுவுல இன்னொரு மாற்றம். சிலிண்டருக்கு ஒண்ணுன்னு இருந்த பிளஞ்சரைக் குறைச்சு, ஒரே பிளஞ்சர் சுத்திக்கிட்டே எல்லா சிலிண்டருக்கும் பங்கு போடுற சின்ன ரோட்டரி பம்பை போஷ் கொண்டுவந்தது. 1976-ல வந்த கோல்ஃப் டீசல் மாதிரி குட்டிக் கார்களை ஓட வெச்சது இதுதான். எங்க வண்டியில இருக்கிறதும் இந்த ஜாதிப் பம்ப்தான். இதுல ரெண்டு விஷயம் தெரிஞ்சிருக்கணும். ஒண்ணு, எஞ்சினை அணைக்கிறதுக்கு மேல ஒரு சின்ன சோலினாய்டு. அதுக்குக் கரண்ட் வந்தாத்தான் டீசல் திறக்கும். ரெண்டு, பல கார்ல டேங்க்லேர்ந்து டீசலை இழுக்கிறதும் இதே பம்ப்தான், பின்னாடி தனி மோட்டார் கிடையாது.

இப்ப முக்கியமான சோதனை. தம்பியை சைலன்ஸர்கிட்ட நிக்க வெச்சு, அப்பாவை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். இதுதான் டீசல் வண்டியோட லாக் ஃபைல். வெள்ளையா, கண்ணெரியுற புகை வந்தா டீசல் உள்ள வருது, ஆனா எரியல. சூட்டையும் கம்ப்ரெஷனையும் பாருங்க. புகையே வரலன்னா டீசலே வரல.

"ஒண்ணுமே வரலண்ணே!"ன்னான்.

சாவியைப் போட்டு சோலினாய்டுல கை வெச்சேன். "டிக்". உயிர் இருக்கு. நாஸில் மேல இருக்கிற நட்டை லேசா இளக்கிட்டு செல்ஃப் அடிச்சா, டீசல் கசியல. நுரை நுரையா ரெண்டு சொட்டு. ஏர் லாக்!

மெக்கானிக்கும் இதைப் பார்த்துட்டுத்தான் "பம்ப் அவுட்டு"ன்னு சொல்லியிருக்கணும். பம்ப் டீசலை அனுப்பலங்கிறது உண்மை. ஆனா அனுப்ப அதுக்கு டீசல் கிடைச்சதா?

ஃபில்டர் மேல இருக்கிற கைப்பம்பை அமுக்கி ஏர் எடுத்தேன். வண்டி எழுந்து, பத்து விநாடி ஓடி, செத்துப்போச்சு. திரும்ப ஏர். எங்கேருந்து வருது? வண்டிக்கு அடியில ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகல.

அங்கதான் எனக்கு பல்பு எரிஞ்சது. இது இழுக்கிற பக்கம். இழுக்கிற குழாய்ல ஓட்டை விழுந்தா டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். ராத்திரி நிக்கும்போது குழாய்ல இருக்கிற டீசல் மெதுவா டேங்குக்கே திரும்பிடும். ஆக்ஸ்பர்க்ல காத்து வெளிய போய்க் கெடுத்துச்சு, கோவில்பட்டியில காத்து உள்ள வந்து கெடுக்குது.

ஹார்டுவேர் கடைக்குப் போய், கொத்தனாருங்க மட்டம் பார்க்கிற கண்ணாடி மாதிரி டியூப் ரெண்டு அடி வாங்கினேன். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல தற்காலிகமா மாட்டிட்டு செல்ஃப் அடிச்சா, சோடா பாட்டில் மாதிரி குமிழ் ஓடுது. ஆக, ஃபில்டருக்கு முன்னாடியே காத்து ஏறுது. டேங்க் பக்கமா கையால தடவிக்கிட்டே போனேன். இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேர்ற இடத்துல, கிளிப்புக்குக் கீழ, இருபது வருஷ ரப்பர் காய்ஞ்ச வெண்டைக்காய் மாதிரி வெடிச்சிருந்தது.

புது ஹோஸ், ரெண்டு கிளிப், ஒரு ஹீட்டர் பிளக். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள்ள. ஏர் எடுத்துட்டு அப்பாகிட்ட சாவியைக் குடுத்தேன். நாலு சுத்து, ஒரு குலுக்கல், கொஞ்சம் புகை, அப்புறம் அந்தப் பழைய தடதட சத்தம். மட்டம் பார்க்கிற டியூப்ல குமிழ் எதுவும் இல்ல. (அதையும் கழட்டிட்டு ஒழுங்கான டீசல் ஹோஸ் போட்டாச்சு. அந்த டியூப் சோதனைக்கு மட்டும்தான்.)

மெக்கானிக்கைத் திட்ட இந்தப் பதிவு இல்ல. ஒரு வண்டிக்கு அரை நாள் செலவழிச்சா அவர் சாப்பிட முடியாது, எனக்கு லீவு இருந்தது. ஆனா ஒண்ணு உறுத்துது. இந்த எஞ்சின்ல ரொம்ப அதிசயமான பாகம் பம்ப்தான், அதனாலயே எல்லாருக்கும் முதல் சந்தேகம் அது மேலதான். 1893-லயும் சரி, இப்பவும் சரி, அதிசயத்துல கோளாறு இல்ல. சந்துலதான் கோளாறு. பம்பைக் கழட்டி மாட்டியிருந்தாலும் அதே வெடிச்ச ஹோஸ்லேர்ந்துதான் இழுத்திருக்கும். இருவத்தஞ்சாயிரமும் போயிருக்கும், வண்டியும் எடைக்குப் போயிருக்கும்.

1997-க்கு அப்புறம் காமன் ரெயில்னு கம்ப்யூட்டர் வெச்ச டீசல் கார்கள் வந்துடுச்சு. அதுல கோளாறைச் சொல்ல ஸ்கேனர் வேணும். இந்தப் பழைய ஜாதிக்கு அது வேண்டாம். காது, மூக்கு, ஒரு டெஸ்ட் லாம்ப், ரெண்டு அடி டியூப் போதும். எத்தனை நாளைக்கு இந்த வண்டிகள் ரோட்ல இருக்குமோ தெரியாது. இருக்கிற வரைக்கும் இந்த வரிசையை யாராவது எழுதி வெச்சா நல்லதுன்னு தோணுச்சு.

அப்பா என்ன சொன்னார்னு கேட்பீங்க. ஒண்ணும் சொல்லல. எஞ்சினை ஓடவிட்டே இறங்கி வந்து, பானெட்ல கிடந்த துண்டை எடுத்து என் கையைத் துடைக்கச் சொல்லிக் குடுத்தார். சாயங்காலம் காயலான் கடைக்காரருக்கு அவரே போன் போட்டு, "வண்டி குடுக்கிற மாதிரி இல்ல"ன்னுட்டார்.

பி.கு: உங்க வீட்டுப் பழைய டீசல் வண்டி என்ன கதை சொல்லுச்சுன்னு பின்னூட்டத்துல போடுங்க. செல்ஃப் அடிக்கும்போது புகை வருதா இல்லையான்னு மறக்காம எழுதுங்க, அதை வெச்சுத்தான் பேச்சே :-)